சாப்ளேன் ஆவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்

டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. வார நாட்களில் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னதொரு தமிழ்ச் சபைக்குப் போதகர். எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனிச்சபை அது. தமிழ்நாட்டில் பி.காம். முடித்து, அப்புறம் செராம்பூரின் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பைப் படித்தவர். கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. 14 வயது மகன், அமெரிக்க விமானப்படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் கேடட், அதாவது பயிற்சி பெறும் சிறுவன். வாரம் ஒரு மாலை மகனைக் கொண்டுபோய் விடுபவர், அப்படியே அங்கே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஸ்குவாட்ரன் கமாண்டருக்கு அவரைப் பிடித்துப்போய், "எங்களுக்கு சாப்ளேன் இல்லை, நீங்களே வாருங்கள்" என்றிருக்கிறார். சாப்ளேன் என்றால் ராணுவம், ஆஸ்பத்திரி போன்ற ஒரு நிறுவனத்துக்குள் சமயப் பணி செய்யும் குரு. விண்ணப்பித்தால், 'உங்கள் சமய அமைப்பின் எண்டார்ஸ்மென்ட் (ஒப்புதல் கடிதம்) எங்கே?' என்ற கேள்வியோடு திரும்பி வந்துவிட்டது.

"பதினெட்டு வருட ஊழியத்துக்கு ஒரு தாள் இல்லாததால் மதிப்பில்லையா?" என்று கேட்கிறார். சாப்ளேன் ஆகிவிட்டால் விமானப்படை அதிகாரி என்று ஆகிவிடுமா, குடியுரிமை சீக்கிரம் கிடைக்குமா, அந்தப் பயிற்சியைக் காட்டி ஆஸ்பத்திரியில் சாப்ளேன் வேலை வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார். ஒரு மாலை கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைக்கும்போது, 15 வயதுப் பையன் ஒருவன் சட்டைக்கையை மேலே ஏற்றிக் காட்டினானாம். முழங்கைக்கு மேலே பெல்ட் அடித்த தடம், பழையதும் புதியதுமாக. வீட்டில் அம்மாவின் இரண்டாவது கணவர் அடிக்கிறார், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான். "போதகரிடம் சொன்ன ரகசியம் இது, காப்பாற்றுகிறேன். சரிதானே?" என்கிறார் வாசகர்.

அன்புள்ள பாஸ்டர் ஐயா,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதியை அன்றே உங்களுக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்பினேன். இங்கே மறுபடி எழுதுவது, உங்களைப் போலவே நினைக்கும் மற்றவர்களுக்காக.

அந்தப் பையன் சொன்னது

சரியில்லை. டெக்சஸில் இதை ரகசியமாக வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அங்கே ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகிறது என்று நம்பக் காரணமிருந்தால், யாராக இருந்தாலும் உடனடியாகத் தெரிவித்தாக வேண்டும். ஆசிரியருக்கும் டாக்டருக்கும் மட்டுமான கடமை இல்லை இது, எல்லோருக்கும் உண்டு. டெக்சஸ் குடும்பச் சட்டத்தின் 261.101ஆம் பிரிவு, வழக்கறிஞரையும் மத குருவையும் பெயர் சொல்லியே இந்தக் கடமைக்குள் கொண்டுவருகிறது. வேறு பல மாநிலங்களில் பாவ அறிக்கையாகக் கேட்டதற்கு விலக்கு உண்டு. அதை எங்கோ படித்துவிட்டு, அமெரிக்கா முழுக்க ஒரே சட்டம் என்று நம் ஊர்ப் போதகர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

குருவிடம் பேசியதற்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. டெக்சஸ் சாட்சிய விதிகளில் 505 அதற்குத்தான். ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் பற்றியது அது. குழந்தைக் கொடுமை என்று வந்துவிட்டால் அதன் பின்னால் ஒளிய முடியாது. தெரிந்தே சொல்லாமல் இருப்பது கிளாஸ் ஏ குற்றம், ஒரு வருடம் வரை சிறை இருக்கிறது.

"நம் ஊரில் அப்பா அடிப்பது சகஜம்தானே, இதைப் போய் போலீஸ் கேஸாக்குவதா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் அளவாகக் கண்டிப்பதை டெக்சஸ் சட்டமும் குற்றமாக்கவில்லை. எது கண்டிப்பு, எது கொடுமை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னால் போதும். விசாரிப்பது அரசின் வேலை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பெயரைக் கேட்பார்கள், சொல்லுங்கள். அதை ரகசியமாக வைப்பார்கள். டெக்சஸ் அபயூஸ் ஹாட்லைன் எண் 1-800-252-5400, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பையனுக்கு உடனே ஆபத்து என்று தோன்றினால் 911.

கமாண்டரிடம் சொன்னால் போதாதா? அவரிடமும் சொல்லுங்கள், அமைப்புக்குள் மேலே தெரிவிக்க அவருக்கு விதிமுறை இருக்கிறது. ஆனால் அவரிடம் சொன்னதால் உங்கள் கடமை முடிந்ததாகாது. முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.

பையனிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு உறுத்தும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்திருந்தால், அதைக் காப்பாற்ற முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "நீ சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாப்பவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்ற அளவில் போதும். துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் சமாதானம் பேசும் வேலையை நம் ஆட்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அன்றிரவு அடி வாங்குவது அந்தப் பையன். தயவுசெய்து போகாதீர்கள்.

இன்னொன்று. அந்த மாலை நீங்கள் அங்கே சாப்ளேன் இல்லை, உறுப்பினர்கூட இல்லை, காத்திருக்கும் ஒரு தகப்பன். கேடட்டுகளோடு பழகும் பெரியவர்களுக்கு அந்த அமைப்பில் கைரேகைச் சோதனையும் கேடட் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். ஒரு பெரியவரும் ஒரு கேடட்டும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். இந்த விதி பையனுக்குப் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. சாப்ளேன் விண்ணப்பம் என்ன ஆனாலும், முதலில் முறையாக உறுப்பினர் ஆகுங்கள். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் சேரலாம், ஆகவே உங்களுக்குத் தடையில்லை. இந்த இரண்டும் இல்லாமல் எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு வழக்கமாகத் திறப்பதில்லை.

ஒப்புதல் கடிதம் ஏன்?

இந்த அமைப்பைக் கேள்விப்படாதவர்களுக்காக: சிவில் ஏர் பேட்ரோல் 1941 டிசம்பர் 1 அன்று தொடங்கியது, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஆறு நாள் முன்னால். போரில் சாதாரணக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சிறு விமானங்களில் அமெரிக்கக் கடலோரத்தில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தார்கள். 1948இல் சட்டப்படி விமானப்படையின் குடிமக்கள் துணை அமைப்பானது. இன்று தொலைந்த விமானங்களைத் தேடுவது, பேரிடர் உதவி, விமானக் கல்வி, 12 வயது முதல் சேரக்கூடிய கேடட் பயிற்சி எல்லாம் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. உறுப்பினர்தான் சந்தா கட்டுகிறார், சீருடையும் தன் காசில் வாங்குகிறார்.

சபைப் போதகர் தன் மக்களுக்குப் போதகர். சாப்ளேன் வேறொரு நிறுவனத்துக்குள் போய், பல மதத்தாருக்கும் மதமே இல்லாதவர்களுக்கும் நடுவில் வேலை செய்கிறவர். அரசோடு தொடர்புள்ள ஒரு அமைப்பு 'யார் உண்மையான குரு' என்று தானே தீர்மானிக்க முடியாது. தீர்மானித்தால் அரசு மதத்துக்குள் மூக்கை நுழைத்ததாகிவிடும். அதனால்தான் அந்தந்த சமய அமைப்பிடமே கேட்கிறார்கள்: இவர் உங்கள் ஆளா, இவருக்கு நீங்கள் பொறுப்பா? எண்டார்ஸ்மென்ட் என்பது அந்தப் பதில். கொடுத்த அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டால் சாப்ளேன் பணியும் அதோடு முடியும். உங்கள் பதினெட்டு வருடத்தை யாரும் எடைபோடவில்லை. நாளைக்கு உங்களால் ஒரு சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். உங்கள் சபையில் உங்களுக்கு மேலே யாரும் இல்லை, அங்கேதான் விண்ணப்பம் நின்றுவிட்டது.

வழி இருக்கிறது. தனிச்சபைகளின் போதகர்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்து ஒப்புதல் தரும் அமைப்புகள் அமெரிக்காவில் உண்டு. பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்ட அமைப்புகளின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அல்லது உங்கள் விங் சாப்ளேனிடம், அதாவது டெக்சஸ் முழுமைக்கும் பொறுப்பான சாப்ளேனிடம் கேளுங்கள். அவர்கள் விசுவாச அறிக்கையைக் கேட்பார்கள், நேரில் பேசுவார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், ஆண்டுக் கட்டணமும் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் அவர்களுடைய கொள்கையை முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் அதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியிருக்கும். பணம் கட்டினால் ஒரே நாளில் 'சர்ட்டிஃபைடு சாப்ளேன்' அட்டை அனுப்பும் இணையதளங்களும் இருக்கின்றன. உங்களுக்கு ஒருவர் அனுப்பிய இணைப்பு அந்த ரகம்தான். அந்த அட்டையைக் கமாண்டரிடம் காட்டிவிடாதீர்கள், இருக்கிற மரியாதையும் போய்விடும்.

இந்த இடத்தில் இந்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 'சாப்ளேன் என்றால் பாதிரியார், நமக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். சின்மயா மிஷன் வெஸ்ட் 2011இல் பாதுகாப்புத் துறையிடம் ஒப்புதல் தரும் இந்து அமைப்பாக ஏற்கப்பட்டது. அதே வருடம் பிரதிமா தர்ம் அமெரிக்க ராணுவத்தின் முதல் இந்து சாப்ளேன் ஆனார்.

உங்கள் படிப்புக்கு வருகிறேன். பட்டப்படிப்பும் அதற்கு மேல் இறையியலில் முதுநிலைப் படிப்பும் என்பது பொதுவான அளவுகோல். ராணுவ சாப்ளேனுக்கு 72 செமஸ்டர் மணி முதுநிலைப் படிப்பு கேட்கிறார்கள். பி.காம். முடித்துவிட்டு பி.டி. படித்தது உங்களுக்குச் சாதகம். ஆனால் 'பேச்சிலர்' என்ற பெயரைப் பார்த்ததும் இதையும் இளநிலை என்று ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்குங்கள், மொத்தமாக ஒற்றை வரியில் தருவது வேண்டாம். படிப்பு கொஞ்சம் குறைந்தால் அனுபவத்தைக் காட்டி விலக்கு கேட்க முடியுமா என்பதையும் விங் சாப்ளேனிடமே கேட்டுவிடுங்கள்.

எண்டார்ஸ்மென்ட் தாமதமானால்

கேரக்டர் டெவலப்மென்ட் இன்ஸ்ட்ரக்டர் என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. சாப்ளேன் குழுவின் பகுதிதான், ஆனால் குருப்பட்டமோ எண்டார்ஸ்மென்டோ தேவையில்லை. அது சாப்ளேனுக்கு ஒரு படி கீழே, எனக்கு வேண்டாம் என்று தள்ளியிருக்கிறீர்கள். மறுபடி யோசியுங்கள். கேடட்டுகளோடு நீங்கள் உண்மையில் செய்ய ஆசைப்படும் வேலை பெரும்பாலும் அதுதான். மாதந்தோறும் ஒரு ஒழுக்க நெறிக் கலந்துரையாடல் நடக்கும். ஒரு சம்பவத்தைக் கொடுத்து, 'உன் நண்பன் தேர்வில் காப்பியடித்ததைப் பார்த்தாய், என்ன செய்வாய்?' என்பதுபோலப் பிள்ளைகளைப் பேசவைக்க வேண்டும். நேர்மை, தன்னார்வச் சேவை, சிறப்பு, மரியாதை என்ற அமைப்பின் நான்கு விழுமியங்களைச் சுற்றி அது போகும். நீங்கள் பேசுவதைவிட அவர்கள் பேசுவது அதிகமாக இருந்தால் கூட்டம் நன்றாக நடந்தது என்று அர்த்தம். நம் போதகர்களுக்கு இது கஷ்டம்தான்.

அதில் வேதபாடம் நடத்த முடியாது. சாப்ளேன் ஆனாலும் முடியாது. 'இந்தப் பிள்ளைகளை ஆண்டவரிடம் நடத்த ஒரு வாசல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு உள்ளே போகாதீர்கள். அந்த அறையில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் யூத வீட்டுப் பிள்ளையும் கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளையும் இருக்கும். உங்கள் விசுவாசத்துக்கு விரோதமான சடங்கை நடத்த உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு யூதக் கேடட் முகாமில் தன் வழிபாட்டுக்கு வசதி கேட்டால் அதை ஏற்பாடு செய்து தருவது உங்கள் வேலை. இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் இந்தப் பொறுப்பே உங்களுக்கு ஒத்துவராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சபை ஊழியம் இருக்கிறது.

ரகசியம் பற்றியும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இன்ஸ்ட்ரக்டர் குரு இல்லை, ஆகவே அந்தப் பொறுப்பில் கேட்டதற்கு குருவின் சலுகை பேச முடியாது. நீங்கள் போதகரும் இன்ஸ்ட்ரக்டருமாக இருந்தால், எந்தத் தொப்பியோடு பேசுகிறீர்கள் என்பதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பயிற்சி என்ன, அது எங்கே செல்லும்?

புதியவர்களுக்கான ஆரம்பப் பாடங்கள், கேடட் பாதுகாப்பு, அப்புறம் சாப்ளேன் துறைக்கான தனிப் பயிற்சித் தடம். அதில் டெக்னீஷியன், சீனியர், மாஸ்டர் என்று மூன்று நிலை. மண்டல அளவில் சாப்ளேன் குழுவுக்கென்றே ஸ்டாஃப் காலேஜ் நடத்துகிறார்கள், சில நாள் முகாம். முடிந்தால் முதல் வருடமே போய்விடுங்கள். காகிதத்தில் படிப்பதைவிட அங்கே பழைய சாப்ளேன்களோடு சாப்பாட்டு மேசையில் பேசுவது அதிகம் கற்றுத்தரும்.

தேடுதல் பணியில் சேர விரும்பினால் மிஷன் சாப்ளேன் தகுதி தனி. ஃபீமா என்ற கூட்டரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 போன்ற பாடங்கள் அதற்கு அடிப்படை. சிறு விமானம் ஒன்று காணாமல் போகிறது, தேடுதல் மையத்துக்கு விமானியின் மனைவி வந்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து அறையில் வயர்லெஸ் பேசிக்கொண்டே இருக்கிறது. அவர் காதில் அரைகுறைச் செய்தி விழாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, கேட்டால் ஜெபிப்பது, கேட்காவிட்டால் சும்மா கூட இருப்பது எல்லாம் சாப்ளேன் வேலை. 'உங்கள் கணவர் இறந்துவிட்டார்' என்று அறிவிப்பது உங்கள் வேலை இல்லை. ஷெரிஃப் அலுவலகம் போன்ற உள்ளூர் அதிகாரிகளின் பொறுப்பு அது. திரும்பி வரும் தேடுதல் குழுவையும் கவனிக்க வேண்டும். சிதைந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் இருபது வயதுகூட ஆகாதவர்களும் இருக்கலாம்.

இதை வைத்து ஆஸ்பத்திரி வேலை கிடைக்குமா? நேரடியாகக் கிடைக்காது. அங்கே கேட்பது கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன், சுருக்கமாக சிபிஇ, அதாவது நோயாளிகளிடையே சமயப் பணி செய்வதற்கான பயிற்சி. ஒரு யூனிட் 400 மணி நேரம். முழுச் சான்றிதழுக்கு வழக்கமாக நான்கு யூனிட் வேண்டும். ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை, பகுதிநேர சிபிஇ எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். உண்மையில் வேலைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், நேரத்தையும் பணத்தையும் அங்கே போடுங்கள். சிபிஇ ஒரு யூனிட் முடித்தவர் கேடட்டுகளிடமும் நல்ல சாப்ளேனாக இருப்பார். தலைகீழாக நடக்காது.

விமானப்படையும் குடியுரிமையும்

உங்களுக்கு அதிகாரித் தரம் தருவார்கள், சாப்ளேன் பேட்ஜும் உண்டு. ஆனால் அது சிவில் ஏர் பேட்ரோலின் தரம், விமானப்படையுடையது இல்லை. படைவீரர் உங்களுக்கு சல்யூட் வைக்கக் கடமைப்பட்டவர் இல்லை, நீங்கள் அவர்களுடைய அதிகாரிகளுக்கு வைக்க வேண்டும். இந்தச் சேவையால் 'வெட்டரன்', அதாவது சலுகைகளுக்கு உரிய முன்னாள் படைவீரர், ஆக முடியாது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் ஒரு பிரிவு, விமானப்படைச் செயலர் சிவில் ஏர் பேட்ரோல் சாப்ளேன்களைப் படையின் உதவிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. சாப்ளேன்களைப் பற்றிச் சட்டமே இருக்கிறது என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது இதைத்தான். 'பயன்படுத்தலாம்' என்பதோடு அது நிற்கிறது. உங்களைப் படையில் சேர்த்துவிடவில்லை.

குடியுரிமைக்கு ராணுவச் சேவைக்கான சலுகை இதற்குப் பொருந்தாது, ஐந்து வருடக் கணக்கு அப்படியேதான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றினீர்களா என்ற கேள்விக்குச் சீருடை போட்ட பெருமையில் 'ஆம்' என்று எழுதிவிடாதீர்கள். அது தவறான தகவலாகிவிடும். 

காயம் பட்டால் என்ன என்பதை நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். விமானப்படை ஒப்படைத்த பணியில் அடிபட்டால் கூட்டரசு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் உங்களையும் காக்கும். சாதாரண வாராந்திரக் கூட்டம் அதில் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இது எந்த வகைப் பணி என்று கேட்டுத் தெரிந்துகொள்வதை வழக்கமாக்குங்கள்.

செலவு விஷயத்தில் ஒரு சின்ன ஆறுதல். அன்றாடம் போட முடியாத சீருடையின் செலவையும், சேவைக்காக ஓட்டிய மைலுக்கு 14 சென்ட்டையும் நன்கொடையாகக் கழிக்கலாம், வரி விவரத்தில் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவராக (ஐட்டமைஸ்) இருந்தால். நீங்களே கணக்கர், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாடியை எடுக்க வேண்டுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். விமானப்படை பாணிச் சீருடைக்குத்தான் எடை, தாடி, முடி விதிகள். அது வேண்டாமென்றால் வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிற பேன்ட்டுமாக அமைப்பின் சொந்தச் சீருடை இருக்கிறது, தாடியோடே போடலாம். செராம்பூருக்கு மதிப்பெண் பட்டியல் கேட்டு இந்த வாரமே எழுதிவிடுங்கள், முத்திரையிட்ட உறையில் மதிப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக அனுப்பச் சொல்லி. அங்கிருந்து வந்து சேர எடுக்கும் நேரத்தில் உறுப்பினர் விண்ணப்பம், கைரேகை, ஆரம்பப் பயிற்சி எல்லாம் முடிந்துவிடும்.